துணியை ஆற்றில் விடச் சொல்லாதீர்கள்: ஜோதிடர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஜோதிடர்களுக்கும், கோயில் வாசலில் பரிகாரம் சொல்லும் பெரியவர்களுக்கும், காலையில் தொலைக்காட்சியில் ராசிபலன் சொல்பவர்களுக்கும், யூடியூபில் சனிப்பெயர்ச்சி பலன் போடுபவர்களுக்கும் வணக்கம்.

ஜோதிடம் உண்மையா பொய்யா என்று வழக்காட இந்த மடலை எழுதவில்லை. அந்த வழக்கு எத்தனையோ தலைமுறைகளாக நடக்கிறது; என் காலத்தில் தீர்ப்பு வரும் என்று தோன்றவில்லை. நான் கேட்பது சின்ன விஷயம். "பாபநாசத்துக்குப் போய் முழுகு, கட்டியிருக்கும் துணியை ஆற்றோடு விட்டுவிடு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு" என்று உங்களில் பலர் சொல்கிறீர்கள். முழுகட்டும். திரும்பிப் பார்க்காமலும் வரட்டும். நடுவில் இருக்கும் அந்தத் துணி விஷயத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்.

நான் சொல்வது திருநெல்வேலிச் சீமைப் பாபநாசம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்தில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பொதிகை மலையில் பிறந்து வரும் தாமிரபரணி சமவெளியில் கால் வைக்கும் இடம் அது. அங்கிருந்து அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று ஓடிப் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. மொத்தமே ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடல் சேருவதால் பக்கத்து மாநிலத்தோடு தண்ணீர்ச் சண்டை கிடையாது. இந்த ஆற்றுக்கு வரும் நல்லதும் கெட்டதும் நம் கையால் வருவதுதான்.

இந்திரனின் பாவம் தொலைந்த இடம், அகத்தியருக்குச் சிவன் திருமணக் கோலம் காட்டிய இடம் என்பதால் பாவம் தொலைக்க ஆட்கள் வருகிறார்கள். அதோடு, பாபநாசநாதர் கோயில் நவகைலாயத்தில் முதலாவது, சூரியனுக்கு உரியது. சேரன்மகாதேவி சந்திரனுக்கு, கோடகநல்லூர் செவ்வாய்க்கு, முறப்பநாடு குருவுக்கு, ஸ்ரீவைகுண்டம் சனிக்கு என்று ஆற்றங்கரை நெடுக ஒன்பது கோள்களுக்கும் கோயில் இருக்கிறது. ஆகவே உங்கள் தொழிலுக்கு இந்த ஆறு எவ்வளவு முக்கியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேரை நீங்கள் அனுப்பி வைப்பதே இந்தத் தண்ணீருக்குத்தான்.

அவர்கள் வந்து என்ன செய்கிறார்கள் என்று படித்துறையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றில்லை, சாதாரண சனிக்கிழமை போதும். சேலை, சுடிதார், பேண்ட், சட்டை, உள்ளாடை எல்லாம் தண்ணீருக்குள் கிடக்கும். இறந்தவரின் போர்வை, தலையணை உறையும் வரும். கூடவே பழைய சாமி படம், கண்ணாடிச் சட்டம், மண் கலயம். கோயிலுக்கு எதிரே மீன்கள் கூட்டமாக வரும். பக்தர்கள் பொரி போடுவார்கள். சாமி மீன் என்று அங்கே யாரும் தூண்டில் போடுவதில்லை. மீனுக்குப் பொரி போட்ட அதே கை அடுத்த நிமிடம் நைலக்ஸ் சேலையை அதன் தலையில் போடும். அதில் யாருக்கும் முரண் தெரிவதில்லை, ஏனென்றால் இரண்டையும் செய்யச் சொன்னவர் ஒருவரே.

"எங்கள் தாத்தா காலத்திலேயே துணி விட்டோம், ஆறு என்ன செத்தா போச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தாத்தா விட்டது பருத்தி வேட்டி. அது சில மாதங்களில் மக்கி மண்ணாகும். வந்தவர்களும் சுற்று வட்டாரத்துக்காரர்கள், கொஞ்சம் பேர். இன்று கட்டியிருப்பது பெரும்பாலும் பாலியஸ்டர். தண்ணீர் பாட்டில் செய்யும் அதே பொருளை உருக்கி நூலாக இழுத்தால் பாலியஸ்டர். உங்கள் பேரனுக்குப் பேரன் வந்து முழுகும்போதும் அது அங்கே கிடக்கும். இடுப்புப் பட்டையில் ரப்பர், முன்னால் ஜிப், தோளில் ஜரிகை. இவை எதுவும் மக்காது. கிழிந்து கிழிந்து கண்ணுக்குத் தெரியாத இழைகளாகி மீன் வயிற்றுக்குப் போகும், குழாய் வழியாக நம் வீட்டுக்கும் வரும். வருபவர்களும் இப்போது சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வேன் பிடித்து வருகிறார்கள், உங்கள் காணொளியைப் பார்த்துவிட்டு.

(ஒரு வேடிக்கை பாருங்கள். பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரத்தில்தான் ஹார்வி மில் இருக்கிறது. இந்தத் தண்ணீரின் வேகத்தை நம்பி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் கட்டிய பஞ்சாலை. ஆற்றை வைத்து நூல் நூற்ற ஊர் இன்று ஆற்றுக்குள் இருந்து துணி அள்ளிக்கொண்டிருக்கிறது.)

துணி ஆற்றோடு போய்விடும் என்று நினைக்கிறோம். போகாது. பாறை இடுக்கில் சிக்கும், அதில் மணல் ஏறும், அதன் மேல் அடுத்த துணி விழும். நீந்துகிறவன் காலில் சுற்றினால் அவன் கதை அவ்வளவுதான். வெள்ளம் வந்தால் மொத்தமாகப் பெயர்ந்து கீழே இறங்கும். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். அவற்றின் மதகுகளிலும் வாய்க்கால் தலைப்புகளிலும் போய் அடையும். ஆற்று மணலுக்குள் உறைகிணறு இறக்கித்தான் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களுக்குக் கூட்டுக் குடிநீர் எடுக்கிறார்கள். சீவலப்பேரியிலிருந்து அருப்புக்கோட்டை வரை இந்தத் தண்ணீர் போகிறது. பரிகாரம் செய்ய வந்தவர் அருப்புக்கோட்டைக்காரராக இருந்தால், அவர் விட்டுப்போன தோஷம் அவருக்கு முன்பே வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதை வெளியே எடுப்பது யார்? தூய்மைப் பணியாளர்களும், ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் தன்னார்வ இளைஞர்களும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஊறி நாறிப்போன அடுத்தவர் உள்ளாடையைக் கையால் இழுத்து எடுக்கிறார்கள். அந்தத் துணியைத் தொட்டால் தோஷம் ஒட்டிக்கொள்ளும் என்று நீங்கள் சொல்கிறீர்கள் அல்லவா? அப்படியானால் அது மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் அந்த மனிதர் மேல் ஒட்டட்டும் என்பதுதானே ஏற்பாடு? உங்களில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டீர்கள். ஆனால் நடப்பது அதுதான்.

இனி நான் ஏன் உங்களுக்கு எழுதுகிறேன், ஆட்சியருக்கோ அறநிலையத் துறைக்கோ எழுதவில்லை என்று சொல்ல வேண்டும்.

அரசாங்கம் தன்னால் ஆனதைச் செய்து பார்க்கிறது. "துணிகளை ஆற்றில் போடாதீர்" என்று பலகை வைக்கிறார்கள். தொட்டி வைக்கிறார்கள். ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் நேரிலேயே வந்து தாமிரபரணியின் நிலையைப் பார்த்தார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்தப் படித்துறையில் நிற்பவரின் மனதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மகனுக்கு முப்பத்தைந்து வயதாகிறது, பெண் அமையவில்லை. அல்லது மகளுக்குச் செவ்வாய் தோஷம் என்று நான்கு இடம் தட்டிப்போயிருக்கிறது. இன்ஜினியரிங் படித்த பையன் உணவு டெலிவரிக்குப் போகிறான். சுயஉதவிக் குழுக் கடன், நுண்கடன் நிறுவனக் கடன், இரண்டுக்கும் நடுவில் கந்துவட்டி. குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் போட்ட பணம் போய்விட்டது. கணவன் குடிக்கிறான்.

இவை எதற்கும் அவர்களிடம் வேறு மருந்து இல்லை. வேலை கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை, கடனை முறைப்படுத்த வேண்டியவர்கள் முறைப்படுத்தவில்லை, ஜாதகம் பார்க்காமல் பெண் கொடுக்கச் சாதிசனம் தயாராக இல்லை. காது கொடுத்துக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். அரைமணி நேரம் அவர் கதையைக் கேட்டு, "கஷ்டம் உன்னால் வந்ததில்லை, கிரகத்தால் வந்தது, இந்தத் தேதியில் போகும்" என்று சொன்னவரும் நீங்கள்தான். அந்த ஆறுதலின் மதிப்பு எனக்குத் தெரியும். அதைக் கேலி செய்பவர்கள் அந்த வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள்.

அப்படி ஒரு தாய், கடைசி நம்பிக்கையாக, வண்டி வாடகைக்குக் கடன் வாங்கிப் பாபநாசம் வருகிறார். படித்துறையில் நகராட்சித் தொட்டி இருக்கிறது. "ஓடும் தண்ணீரில் விடு" என்றது உங்கள் வாக்கு. தொட்டியில் போடு என்கிறது பலகை. எதைக் கேட்பார்? தொட்டியில் போட்டு, அப்புறம் கல்யாணம் நடக்காமல் போனால்? ஐந்நூறு ரூபாய் அபராதம் என்றாலும் கட்டிவிட்டு ஆற்றில்தான் விடுவார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். பலகைக்கு அவர் பயப்பட மாட்டார், சனிக்குப் பயப்படுவார். சனியின் சார்பில் பேசுகிறவர் நீங்கள். ஆகவே அவரை மாற்றக்கூடிய ஆள் இந்த மாநிலத்திலேயே நீங்கள் ஒருவர்தான். நீதிமன்றத்துக்குக் கூட இல்லாத அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது, அதனால்தான் உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறேன்.

இதைக் கேட்டுப் பகுத்தறிவு நண்பர்கள் என் மேல் வருத்தப்படுவார்கள். "மூடநம்பிக்கையை ஒழிப்பதை விட்டுவிட்டு அதற்கே திருத்தம் போடுகிறாயே" என்பார்கள். நம்பிக்கை ஒழியும்வரை ஆறு காத்திருக்காது என்பதுதான் என் பதில். அந்தப் பக்கத்திலிருந்தே ஒரு முன்னுதாரணம் சொல்லவா? ஸ்ரீவைகுண்டத்துக்காரரான கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு, தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து வழக்குப் போட்டுத் தானே நீதிமன்றத்தில் வாதாடினார். 2010இல் ஐந்து ஆண்டுகளுக்குத் தடை வந்தது. ஆற்றில் முழுகினால் பாவம் போகும் என்று அவர் நம்பியதாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் முழுகுவதற்கு ஆற்றில் மணலும் தண்ணீரும் மிஞ்சப் பாடுபட்டவர் அவர்.

சரி, இந்தப் பக்கத்துக்கு வருகிறேன். சாஸ்திரத்தை மாற்றச் சொல்கிறேனா? எனக்கு அந்தத் தகுதி இல்லை. ஆனால் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். யஜுர் வேதத்தைச் சேர்ந்த தைத்திரீய ஆரண்யகத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் பல கோயில்களில் ஓதும் அருணப் பிரசனத்திலேயே, தண்ணீரில் மலஜலம் கழிக்காதே, எச்சில் துப்பாதே, ஆடையில்லாமல் குளிக்காதே என்று வருகிறது. தண்ணீரில் எச்சில் துப்பவே கூடாதென்ற மரபு, உடுத்திக் கழித்த துணியைப் போட எப்படி அனுமதிக்கும்? ஆடையோடு குளி என்றதுதான் பழைய விதி. ஆடையை விட்டுவிட்டு வா என்பது எப்போது, யார் சேர்த்தது?

அப்புறம், பரிகாரத்தில் மாற்று என்பது உங்களுக்குப் புதிதா என்ன? உயிர்ப்பலிக்குப் பதில் பூசணிக்காய் வெட்டுகிறோம். கோதானம் என்று சங்கல்பம் செய்துவிட்டுத் தட்டில் நூறு ரூபாய் வைக்கிறோம்; மாடு வரவில்லை என்று எந்தச் சாஸ்திரிகளும் எழுந்து போனதில்லை. 2020 ஆடி அமாவாசைக்குக் கொரோனாவால் தீர்த்தக்கரைகளை மூடியபோது, வீட்டிலேயே தர்ப்பணம் செய்தால் போதும் என்று சொன்னவர்கள் நீங்களே. பித்ருக்கள் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. ஏன், சனி எப்போது பெயர்கிறார் என்பதிலேயே உங்களுக்குள் ஒரே கருத்து இல்லையே. திருக்கணிதப் பஞ்சாங்கக்காரர்கள் 2025 மார்ச் என்றார்கள். வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026இல்தான் என்றது திருநள்ளாறு சனீஸ்வரன் கோயில். ஒரு கிரகத்தின் புறப்பாட்டுத் தேதியில் ஓராண்டு வித்தியாசத்தைத் தாங்குகிற சாஸ்திரம், ஒரு சேலையை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போவதையும் தாங்கிக்கொள்ளும்.

மாற்றாக என்ன சொல்லலாம்? ஆற்றில் எதையாவது விட்டால்தான் மனம் ஆறும் என்றால், தர்ப்பணம் முடிந்ததும் பவித்திரத்தை அவிழ்த்துப் போடுகிறோமே, அந்தத் தர்ப்பைப் புல் முடிச்சு போதும். முழுகி எழுந்து, அந்த முடிச்சை அவிழ்த்து விடட்டும். புல் மக்கிவிடும். கட்டிய துணியைப் பிழிந்து வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துக் காயப் போடட்டும். ஆற்றில் முழுகிய துணியில் தோஷம் மிச்சம் இருக்கும் என்றால் ஆற்றுக்கு என்ன மரியாதை? விட்ட துணியை எடுத்து ஏழைகளுக்குக் கொடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உன் தோஷத்தைக் கட்டிக்கொள் என்று இன்னொருவரிடம் நீட்டுவது அவமானம். வஸ்திர தானம் என்றால் புது வேட்டி, புதுச் சேலை. அதையும் யாருக்குக் கொடுக்கலாம் என்று என்னைக் கேட்டால், ஆற்றுக்குள் இறங்கித் துணி எடுக்கும் அந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கு. சனி உழைப்பாளிகளுக்கு உரியவர் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்.

நம்பிக்கை இயற்கையைக் காப்பாற்றியதற்கு இந்த ஆற்றிலேயே சாட்சி இருக்கிறது. பாபநாசத்துக்குக் கீழே, கடனா நதி வந்து சேரும் திருப்புடைமருதூரில், நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைச் சாமியின் பறவைகள் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். 2005இல் அந்த இடம் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. மக்கள் தாங்களே காத்துவந்ததற்கு அரசு பின்னால் வந்து முத்திரை வைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்று நம்பி, தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. குழந்தைகளிடம் வெடி வேண்டாம் என்று சொல்ல வைக்கும் நம்பிக்கை சாதாரணமானதா? எந்தச் சட்டத்தாலும் அது முடியாது. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குப் புலிகள் காப்பகத்துக்குள் கூட்டம் கூடுகிறது. பிளாஸ்டிக் கூடாது, இத்தனை நாள்தான் தங்கலாம் என்று வனத்துறை கட்டுப்பாடு போடும்போது முணுமுணுப்பு வரத்தான் செய்கிறது. ஆனாலும் திருவிழா நடக்கிறது, அய்யனாருக்கு ஒரு குறையும் இல்லை.

உங்களில் சிலர் இப்போது கேட்பீர்கள்: "மாநகராட்சிச் சாக்கடை கலக்கிறதே, அதைக் கேட்டாயா? எங்கள் துணிதான் கண்ணில் பட்டதா?" சாக்கடைதான் பெரிய கேடு. அளவில் பார்த்தால் துணி அதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் சாக்கடையைத் திருப்பக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும், சுத்திகரிப்பு நிலையம் வேண்டும், ஆண்டுக்கணக்கில் வழக்கு வேண்டும். அது நடந்துகொண்டிருக்கிறது, நடக்கும் வேகம் எல்லோருக்கும் தெரியும். துணி நிற்பதற்கு ஒரு பைசா செலவில்லை. நீங்கள் வாய் திறந்தால் போதும். இன்னொன்றும் இருக்கிறது. அந்த மாநகராட்சிச் சாக்கடை கலக்கும் இடம் பாபநாசத்துக்கு வெகு கீழே. ஆறு மலையை விட்டு இறங்கிய உடனே, இன்னும் ஓர் ஊரைக்கூட முழுதாகத் தாண்டாதபோது, அதன் மேல் விழும் முதல் அழுக்கு நம் பரிகாரம்.

ஆகவே கேட்கிறேன். வருகிற ஆடி அமாவாசைக்குள், உங்களிடம் வருபவர்களிடம் சொல்லுங்கள்: "முழுகிவிட்டு, தர்ப்பையை விட்டுவிட்டு, துணியை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். ஆற்றில் துணி விட்டால் பரிகாரம் பலிக்காது." கடைசி வாக்கியம் முக்கியம். "விட வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கேட்க மாட்டார்கள். "விட்டால் பலிக்காது" என்றால் யாரும் விட மாட்டார்கள். பஞ்சாங்கம் அச்சிடுபவர்கள் ஆடி மாதப் பக்கத்தில் இதை ஒரு வரி சேர்க்கலாம். காணொளி போடுபவர்கள் லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க என்று சொல்வதற்கு முன்னால் சொல்லலாம். சனி பரிகாரத்துக்குக் குச்சனூருக்கும் திருநள்ளாற்றுக்கும் ஆள் அனுப்புபவர்களும் அங்கங்கே உள்ள தீர்த்தத்துக்கு ஏற்ப இதையே சொல்லலாம்.

உங்களில் யாருக்காவது இது சாஸ்திரத்துக்கு விரோதம் என்று தோன்றினால், கட்டிய துணியை ஆற்றில் விடு என்று எந்த நூலில், எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் காட்டி எழுதுங்கள். படித்துப் பார்க்கிறேன். அதுவரை உங்கள் வாடிக்கையாளர்களை வெறுங்கையோடு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
தாமிரபரணித் தண்ணீர் குடிக்கும் ஒருவன்,
அம்பாசமுத்திரம் வட்டம்